வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

அதிகாலை நாலரை மணி. ஆறு மணிக்கு முகூர்த்தம். வரிசைத் தட்டுகளோடு அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். மறுபடி அதே 'டக்'. எதிர்வீட்டு அண்ணன் லுங்கியோடு வந்து எட்டிப் பார்த்து, "பேட்டரி போயிருச்சு தம்பி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். வாடகைக் கார் பிடித்துக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்ததும் ஒரு கடையில் ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது பேட்டரி போட்டேன். வண்டி உடனே எடுத்தது. பத்தாம் நாள் காலையில் மறுபடி 'டக்'.

இந்த முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. "என்ன சத்தம் சார் வந்துச்சு? அப்ப லைட் மங்குச்சா?" என்று கேட்டார். லைட் மங்கவில்லை, பளிச்சென்றுதான் எரிந்தது என்றேன். நேராகப் பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் கறுப்பு ஒயரின் மறுமுனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கினார். பத்து நிமிட வேலை. பத்து நாள் முன்பு பேட்டரி மாற்றும்போது அந்த ஒயர் கொஞ்சம் ஆடியதில் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் பேட்டரிதான் காரணம் என்று நம்பிவிட்டேன்.

கார் ஸ்டார்ட் ஆகாதபோது பெரும்பாலான நேரங்களில் கோளாறு எந்தப் பகுதியில் என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும்போது உள்ளே என்னென்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்.

சாவி திருப்பியதும் நடப்பது

இன்ஜின் தானாக ஓட ஆரம்பிக்காது. அதை முதலில் யாராவது சுற்றிவிட வேண்டும். நிமிடத்துக்கு நூறு, இருநூறு சுற்று அளவுக்காவது சுற்றினால்தான் அது காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோலைக் கலந்து, அமுக்கி, தீப்பொறி வைத்துத் தன் காலில் ஓடத் தொடங்கும். பழைய காலத்தில் முன்பக்கம் ஒரு இரும்புக் கம்பியை நுழைத்துக் கையால் சுற்றினார்கள். அம்பாசடர் கார்களில் இதற்கென்றே ஒரு ஹேண்டில் இருக்கும். பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு முறியும். 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார மோட்டார் வந்தது. ஆள் இறங்கிச் சுற்ற வேண்டாம், காரே தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் என்பதால் அதற்கு 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று பெயர். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இன்றைக்கும் 'செல்ஃப்' என்றால் அந்த மோட்டார்தான்.

சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன மின்சாரம் முதலில் செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் சாலினாய்டுக்குப் போகிறது. சாலினாய்டு என்பது மின்சாரம் வந்தால் இழுத்துக்கொள்ளும் ஒரு காந்தக் கட்டை. அது இரண்டு வேலை செய்யும். ஒரு சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி இன்ஜினின் பெரிய பல்சக்கரத்தோடு கோக்கும். அதே அசைவில், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் சுவிட்சையும் மூடும். அந்த 'டக்' சத்தம் இந்தக் கட்டை போய் முட்டுவதுதான். அதன் பிறகுதான் பெரிய மின்சாரம் பாய்ந்து மோட்டார் சுற்றி, 'கிர்ர்ர்' என்று இன்ஜினையும் சுற்றும். அந்தக் கிர்ர்ருக்கு நடுவில் பெட்ரோலும் தீப்பொறியும் சரியாகச் சேர்ந்தால் இன்ஜின் 'பிடிக்கும்'.

ஆக இரண்டு வேறு வேறு புகார்கள் இருக்கின்றன. ஒன்று, செல்ஃப் எடுக்கவில்லை. இன்னொன்று, செல்ஃப் நன்றாக எடுக்கிறது, வண்டி பிடிக்கவில்லை. முதலாவது மின்சாரக் கணக்கு. இரண்டாவது பெரும்பாலும் எரிபொருள், தீப்பொறிக் கணக்கு. இதைப் பிரிக்காமல் "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால், டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போலத்தான். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது பேட்டரி வாங்கக் கிளம்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு சத்தமும் இல்லை என்றால்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். டேஷ்போர்டில் விளக்குகள் வருகின்றனவா? ஒன்றுமே வரவில்லை என்றால் பேட்டரி முழுக்க இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரி முனையில் ஒயரை மாட்டும் டெர்மினல் கழன்றிருக்கிறது. விளக்குகள் பளிச்சென்று வந்து, செல்ஃப் மட்டும் மூச்சு விடவில்லை என்றால் பயப்படுவதற்கு முன் சில அற்பக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி பி (பார்க்கிங்) அல்லது என் (நியூட்ரல்) நிலையில் இருந்தால்தான் எடுக்கும். கியர் நெம்புகோல் பாதியில் நின்றிருந்தாலும் எடுக்காது. என்-க்குத் தள்ளிப் பாருங்கள். இப்போதைய மேனுவல் வண்டிகள் பலவற்றில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃபுக்குக் கரன்ட் போகும். கிளட்சுக்குப் பின்னால் கால்மிதி மடங்கிக்கொண்டு, கிளட்ச் முழுசாக இறங்காமல் போவது உண்டு. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால், ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்த வேண்டும்.

பட்டன் வண்டியில் இன்னொரு தொல்லை, சாவிக்குள் இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்துபோவது. 'சாவி இல்லை' என்று கார் சொல்லும். சாவியோ உங்கள் கையிலேயே இருக்கும். பெரும்பாலான கார்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் எடுத்துவிடும். கதவு திறக்கவில்லை என்றால் அந்தச் சாவியின் உள்ளேயே ஒரு சாதாரண இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், உருவி எடுக்கலாம். குட்டி பேட்டரி பல சாவிகளில் சிஆர் 2032 என்கிற வட்டமான வகை. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும்.

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர், திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சின்னச் சில்லை வண்டி படிக்கிறது. சாவி கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ, கடைத்தெருவில் வெட்டிய சில்லு இல்லாத டூப்ளிகேட்டைப் போட்டிருந்தாலோ இப்படி ஆகும். வீட்டிலிருக்கும் இரண்டாவது ஒரிஜினல் சாவியைப் போட்டுப் பாருங்கள். சில கார்களில் இம்மொபிலைசர் செல்ஃபையே தடுக்கும், சிலவற்றில் செல்ஃப் சுற்றும், பெட்ரோலை மட்டும் நிறுத்திவிடும்.

டக் டக் டக் டக்

சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக் டக்' என்று தையல் மெஷின் மாதிரி வேகமாக அடித்துக்கொண்டால் பேட்டரி பலவீனம் என்று முக்கால்வாசி நம்பலாம். காரணம் வேடிக்கையானது. சாலினாய்டை இழுக்கும் அளவுக்கு பேட்டரியில் தெம்பு இருக்கிறது. இழுத்து, பெரிய சுவிட்ச் மூடியதும் மோட்டார் மளமளவென்று மின்சாரம் கேட்கிறது. பேட்டரி படுத்துவிடுகிறது. வோல்ட் இறங்கியதும் சாலினாய்டு கையை விட்டுவிடுகிறது. சுமை போனதும் பேட்டரி எழுந்து உட்கார்கிறது, மறுபடி இழுக்கிறது, மறுபடி படுக்கிறது. இந்த இழுபறியைத்தான் நாம் டக் டக் என்று கேட்கிறோம். 'உர்ர்... உர்ர்...' என்று முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றி நின்றால் அதே நோயின் ஆரம்பக் கட்டம்.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு ஒயரிங்குக்கும் ஆகும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தால், நல்ல சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 11.9-க்குக் கீழே இறங்கிவிட்டால் கிட்டத்தட்டக் காலி. 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் காட்டுகிறதே, நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் பாருங்கள். அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்பட வேண்டும். பழைய மெக்கானிக்குகள் அதை இன்னும் டைனமோ என்பார்கள். அது கெட்டிருந்தால் எத்தனை புது பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் அப்படியே செத்துப்போகும் அளவுக்கு மங்கினால் பேட்டரியோ, பேட்டரியின் தலையில் மாட்டியிருக்கும் டெர்மினலோ சரியில்லை. லைட் அசையாமல் பளிச்சென்றே எரிகிறது, உள்ளே ஒரே ஒரு 'டக்' என்றால், பேட்டரியில் சரக்கு இருக்கிறது, அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். என் கல்யாணக் காலைக் கதை இதுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டால் பல மர்மங்கள் விலகும். சின்ன பெட்ரோல் கார்களின் செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். டெர்மினலில் படிந்த அழுக்கின் தடை வெறும் 0.02 ஓம். சாதாரண மல்டிமீட்டரால் அளக்கக்கூட முடியாத அளவு. 150-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 3 வோல்ட். அதாவது அந்தத் துளி அழுக்கே 3 வோல்ட்டைத் தின்றுவிடும், மோட்டார் பட்டினி கிடக்கும். அதே அழுக்கு வழியாக ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் போகும்போது இழப்பு 0.2 வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. "லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கல?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டுக் குடம் நிறையும் என்று நம்பக் கூடாது.

அதனால் கடைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. ஆடினால் முடுக்குங்கள், பெரும்பாலான கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வண்டியை ஆஃப் செய்து முதலில் கறுப்பை, அதாவது மைனஸைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பை. இந்த வரிசை முக்கியம். மைனஸ் மாட்டியிருக்கும்போது சிவப்பில் வைத்த ஸ்பேனர் வண்டியின் பாடியைத் தொட்டால் பெரிய பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அந்தப் பூப்பில் அமிலம் இருக்கும். கையிலும் கண்ணிலும் படக் கூடாது. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட்டால் சீக்கிரம் பூக்காது.

டெர்மினல் சுத்தம், பேட்டரி நலம், லைட் மங்கவில்லை, இன்னும் ஒற்றை 'டக்' மட்டுமே என்றால் மிஞ்சியிருப்பது எர்த் ஒயர் (பேட்டரி மைனஸிலிருந்து இறங்கும் அந்தக் கறுப்பு ஒயர்), சாலினாய்டு, செல்ஃப் மோட்டார் மூன்றும்தான். மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து சிக்கியிருந்தால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் மோட்டார் உடம்பில் ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் எடுத்துக்கொள்ளும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஒர்க்‌ஷாப் வரைக்கும் போக உதவும் தந்திரம் இது, அவ்வளவே.

பேட்டரி ஏன் இறங்குகிறது

ஒருமுறை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு சார்ஜ் செலவாகும் தெரியுமா? 150 ஆம்பியர், இரண்டு வினாடி. ஒரு ஆம்பியர் மணியில், அதாவது ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுக்கும் அளவில், பன்னிரண்டில் ஒரு பங்குதான். சின்ன கார்களில் வழக்கமாக வரும் பேட்டரி 35 ஆம்பியர் மணி. ஆகவே நாலைந்து தடவை ஸ்டார்ட் பண்ணியதால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது சரியில்லை. தின்பது வேறு. இரண்டு ஹெட்லைட்டையும் அணைக்க மறந்தால் மணிக்குச் சுமார் 9 ஆம்பியர் மணி. இரண்டு மணி நேரத்தில் பாதி பேட்டரி போச்சு. உள்ளே இருக்கும் 5 வாட் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இரண்டு நாள். எதையுமே போடாவிட்டாலும் கடிகாரம், அலாரம், கணினி என்று கார் தூங்கும்போதுகூட சில பத்து மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்தால் ஒரு மாதத்தில் 35 ஆம்பியர் மணியும் காலி. வெளிநாட்டில் பிள்ளையைப் பார்க்கப் போய் இரண்டு மாதம் கழித்து வருகிறவர்கள் வாசலில் செத்த காரைப் பார்ப்பது இதனால்தான். கிளம்பும் முன் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை. ஊரில் இருந்தும் ஓட்டாதவர்கள் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தி இரண்டு நிமிடம் இன்ஜினை உறுமவிட்டு அணைப்பதில் புண்ணியம் இல்லை.

பேட்டரி பற்றிய மேல்நாட்டு வீடியோக்களில் எல்லாம் பனிக்காலம்தான் வில்லன். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். சமவெளியில் பேட்டரியைக் கொல்வது வெயில். பானெட்டுக்குள் சூடு ஏற ஏற உள்ளே ஈயத் தகடுகள் அரிப்பது வேகமாகும், தண்ணீர் ஆவியாகும். மூன்று வருடத்தைத் தாண்டிய பேட்டரியை அவ்வப்போது சோதித்துக்கொள்வது நல்லது. மூடி திறக்கும் வகையாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் பாருங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பக்கத்து வண்டியிலிருந்து கரன்ட்

பேட்டரி இறங்கியது உறுதி என்றால் ஜம்ப்பர் கேபிள் போட்டு எடுக்கலாம். இரண்டும் 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, இரண்டும் ஆஃபில் இருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸ். கறுப்பின் கடைசி முனையைச் செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள். அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் முனையில் சின்னப் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும்; பொறியும் அதுவும் சந்தித்தால் பேட்டரி வெடித்து அமிலம் தெறிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வரிசையை மனப்பாடம் செய்யலாம். பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் இரண்டு வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் போகலாம். நிதானமாக மாட்டுங்கள்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு உங்கள் வண்டியை எடுங்கள். எடுத்ததும் மாட்டியதற்கு நேரெதிர் வரிசையில் கழற்றுங்கள். அப்புறம் பால் வாங்க நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். அரை மணி, முக்கால் மணி ஓட்டினால் அடுத்த ஸ்டார்ட்டுக்குத் தேறும். முழு சார்ஜ் ஏற வேண்டுமென்றால் பேட்டரி கடையில் கொடுத்துச் சார்ஜ் போடுவதே சரி.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது கியர், கிளட்ச் அமுக்கியபடி தள்ளச் சொல்லி, ஓடும் வேகத்துக்கு வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, பிடித்ததும் மறுபடி அமுக்குங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும். போக்குவரத்து உள்ள சாலையில் இந்த விளையாட்டு வேண்டாம். பேட்டரி டேஷ்போர்டு விளக்குகூட எரியாத அளவுக்குச் செத்திருந்தால் தள்ளியும் பயனில்லை, பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் கரன்ட் வேண்டுமே.

கிர்ர்ர் என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இப்போது இரண்டாவது புகார். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. முதல் விதி: விடாமல் அடிக்காதீர்கள். பத்து வினாடிக்கு மேல் ஒரேயடியாகச் செல்ஃப் அடித்தால் மோட்டார் சூடாகும், பேட்டரியும் இறங்கும். பிறகு ஒரு கோளாறு இரண்டாகிவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள்.

எரிபொருள் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே மிதவை சிக்கி நின்றிருக்கும். மேடு பள்ளத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தாலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பல கார்கள் முதலில் பெட்ரோலில் எடுத்துப் பிறகுதான் கேஸுக்கு மாறும். கேஸ் நிறைய இருக்கிறதே என்று பெட்ரோலை மாதக்கணக்கில் வற்றவிட்டால், ஸ்டார்ட் ஆவதற்குத் தேவையான அந்தக் கொஞ்சமும் இருக்காது, இருந்தாலும் பழசாகிக் கெட்டிருக்கும்.

அடுத்து, ரேடியோவை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று ஓரிரண்டு வினாடி மெல்லிய ரீங்காரம் வந்து நிற்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப். வழக்கமாகக் கேட்கும் அந்தச் சத்தம் இன்று இல்லை என்றால் பம்ப், அதன் பியூஸ், அதற்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலே மூன்றில் ஒன்று. பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எந்தப் பியூஸ் எதற்கு என்று படம் போட்டிருக்கும். எரிந்ததை மாற்றும்போது அதே ஆம்பியர் எண் உள்ளதையே போடுங்கள். 15 இருந்த இடத்தில் 30 போட்டால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

பெட்ரோல் வண்டியில் பலர் அறியாத ஒன்று, இன்ஜின் பெட்ரோல் குடித்து மூழ்கிப்போவது. ஓவர்ஃப்ளோ என்பார்கள். காலையில் பைக்கை வெளியே எடுப்பதற்காகக் காரை ஸ்டார்ட் செய்து நாலடி பின்னால் தள்ளி உடனே அணைத்துவிடுவோம். குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி தாராளமாகப் பெட்ரோல் ஊற்றியிருக்கும். எரிந்து முடிவதற்குள் அணைத்ததால் தீப்பொறி வைக்கும் பிளக் எல்லாம் நனைந்துவிடும். அடுத்த முறை சுற்றும், பிடிக்காது, பெட்ரோல் வாசனை மட்டும் தூக்கும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு முழுக்க மிதித்தபடி ஐந்தாறு வினாடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்கள் பெரும்பாலானவற்றில், அப்படி மிதித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். நனைந்தது காய்ந்து, இருமிக்கொண்டு பிடிக்கும். பிடித்த உடனே காலைத் தூக்கிவிடுங்கள்.

டீசல் வண்டியில் பிளக் பொறி கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே எரியும். காலையில் சாவியை ஆன் செய்ததும் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு வருமே, அது அணைந்த பிறகு எடுங்கள். டீசல் சுத்தமாகத் தீர்ந்து நின்ற வண்டியில் மறுபடி டீசல் ஊற்றினாலும் உடனே பிடிக்காது, குழாயில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் பக்கம் கையால் அமுக்கும் பம்ப் இருந்தால், அது கெட்டியாகும் வரை அமுக்கி ஏரை வெளியேற்றலாம்.

அப்புறம் எலி. கேலி இல்லை, சத்தியமாக எலி. இரண்டு மூன்று நாள் நின்ற வண்டி காரணமே இல்லாமல் மக்கர் பண்ணினால், பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தேங்காய் நார், பிளாஸ்டிக் பை, புழுக்கை கிடக்கும். பக்கத்தில் ஒயர் ஒன்று பல் பட்டுச் செம்பு தெரியும். தெருவிளக்கடியில் நிறுத்துவது, பானெட்டைத் திறந்து வைப்பது, புகையிலை கட்டித் தொங்கவிடுவது என்று எல்லாம் செய்து பார்த்தவன் நான். எலி எனக்கு மேல் பிடிவாதக்காரன்.

சூடாக ஓடி வந்து நின்றபின் எடுக்காமல், அரை மணி ஆறியதும் எடுக்கிறது என்றால் கிராங்க் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் சுற்றுகிறதா என்று கணினிக்குச் சொல்லும் கண் அது. கண் மூடினால் கணினி பொறியும் வைக்காது, பெட்ரோலும் ஊற்றாது. செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் வால்வுகளைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் ஒருமுறைகூட அடிக்காதீர்கள், வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

சாவியைத் தொடவே கூடாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, எடுக்கிறதா என்று ஒருமுறை பார்ப்போமே என்பதுதான். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒருமுறையே அதற்குச் சாவு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். வழக்கமான முழுக் காப்பீட்டில், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்தபின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, எந்த மட்டம் வரை தண்ணீர் ஏறியது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். வழியில் தேங்கிய நீரில் ஓட்டும்போது வண்டி நின்றுபோனாலும் இதே விதிதான்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உதவி எண் 1033-ஐ அழைக்கலாம். ஹசார்ட் விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்து, எல்லோரும் சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று பானெட் பிரச்சினையை விவாதிக்க வேண்டாம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சாவி போட்டா விளக்கெல்லாம் வருது அண்ணே. செல்ஃப் அடிச்சா ஒரே ஒரு டக், லைட் மங்கல. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாதான் ஓடுச்சு." எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். போன வாரம் புது ஸ்டீரியோ, டேஷ்கேம், அலாரம் என்று எதையாவது மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் முதலில் அந்த ஒயரைத்தான் பிடித்து இழுத்துப் பார்ப்பார்.